வைஸில் விழுந்த தழும்புக்கு மென்பொருளை மாற்றுவதா மருந்து?

ஞாயிற்றுக்கிழமை கோணம் ஊரில் நாம் கூடியபோது என்ன நடந்தது என்பது இங்கே பலருக்கும் தெரியும் என்பதால், அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. குழித்துறைத் தம்பியின் வீட்டு சிஎன்சி மெஷினில், அதாவது நிரலின்படி தானாக உலோகம் வெட்டும் மெஷினில், வெட்டும் டூல் உடைந்து வைஸில் (கட்டையை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில்) தழும்பு விழுந்த கதையைக் கேட்டு, அவனுக்கு 'வைஸைத் துளைத்தவன்' என்று பெயர் சூட்டி, காப்பி ஆறும் வரை எல்லோரும் சிரித்தீர்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால், சிரித்து முடித்த பிறகு நம் அண்ணாச்சி ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, "இந்தச் சின்னப்பிள்ளை சாஃப்ட்வேரை அழிச்சிட்டு இதைப் போடு, கம்பெனியில ஓட்டுறது இதுதான்" என்று நீட்டினார். அவனும் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டான். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மூன்று நாளாக அது உள்ளே கிடந்து அறுப்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒரு திருத்தம். வைஸை யாரும் துளைக்கவில்லை. நான் நேரில் போய்ப் பார்த்தேன். 6 மில்லிமீட்டர் கார்பைடு எண்ட் மில் என்ற டூல் ஒன்று உடைந்திருக்கிறது; டூலைப் பிடிக்கும் கோலட் நட்டு இடித்ததில் வைஸின் தாடையில் நகக்கண் அளவுக்கு ஒரு தழும்பு விழுந்திருக்கிறது. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் அப்போது சுழலத் தொடங்கவே இல்லை, பிறகு எங்கே துளைப்பது?

நடந்தது இதுதான். முந்தின இரவு வேலையை முடித்தவன், ஸ்பிண்டிலை வைஸுக்குப் பக்கத்தில், தாடை மட்டத்துக்கும் கீழே இறங்கிய நிலையிலேயே விட்டுவிட்டு மெஷினை அணைத்திருக்கிறான். காலையில் அப்படியே ஆன் செய்தான். அவனுடைய மெஷினில் அசைவின் எல்லையைக் காட்டிக்கொடுக்கும் லிமிட் சுவிட்ச் கிடையாது. ஆகவே, ஆன் செய்த நொடியில் ஸ்பிண்டில் எந்த உயரத்தில் நின்றதோ அதையே மெஷினை இயக்கும் கன்ட்ரோலர் தன் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. பிறகு அவன் ஸ்பிண்டிலை மேலே ஏற்றி, காகிதத் துண்டை வைத்து, அலுமினியக் கட்டையின் மூலையில் வேலைக்கான ஜீரோவை ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறான். ஆனால், வரைபடத்தை மெஷினுக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் எழுதிக் கொடுத்த நிரலின் தொடக்கத்திலேயே 'ஜி28 ஜி91 இசட்0' என்று ஒரு வரி இருந்தது. ஹோமிங் (லிமிட் சுவிட்ச் வரை போய்த் தன் இடத்தை அறியும் வசதி) உள்ள மெஷினில் அதன் பொருள், பத்திரமாக உச்சிக்குப் போ என்பது. ஹோமிங் இல்லாத மெஷினில் அதன் பொருள், நீ ஆன் ஆன இடத்துக்கே திரும்பிப் போ என்பது. அது சொன்ன சொல் தட்டாமல் முழு வேகத்தில் போயிற்று. "அண்ணே, மெஷின் தன்னால கீழ எறங்கிட்டு" என்று அவன் போனில் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது.

இதில் மென்பொருளின் தரம் எங்கே வருகிறது? அண்ணாச்சி தந்த பென் டிரைவில் உள்ள பெரிய மென்பொருளும் அதே வரியை எழுதக்கூடும். அதற்குள் இருக்கும் போஸ்ட், அதாவது குறிப்பிட்ட கன்ட்ரோலருக்குப் புரியும் மொழியில் நிரலை எழுதும் பகுதி, எந்த மெஷினுக்காகச் செய்யப்பட்டதோ அந்த மெஷினுக்கு அது சரியாகவும் இருக்கும். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுப் பட்டறைக்கு மென்பொருள் தேடுகிறவர் முதலில் தன் கன்ட்ரோலரைக் கேட்க வேண்டும். அது எந்த ஜி-கோடை (நிரலில் உள்ள கட்டளையை) படிக்கும், எதைப் படிக்காது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் போஸ்ட் எந்த மென்பொருளில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். படம் வரையும் வசதி, மினுமினுக்கும் சிமுலேஷன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோலர் நிரல் ஓடும் போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் தொடங்கிய அந்தக் கட்டற்ற நிரல், அர்டுயினோ ஊனோ என்ற சிறு போர்டின் 32 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வளவு சிறிய இடத்தில் தொழிற்சாலை மெஷின்களில் உள்ள ஃபேனக் கன்ட்ரோலரின் சகல வித்தைகளையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஜி81, ஜி83 போன்ற துளையிடும் சுழற்சிகள் அதற்குத் தெரியாது. டூலின் விட்டத்துக்கு ஈடுசெய்யும் ஜி41, ஜி42 தெரியாது. எம்6 என்று டூல் மாற்றச் சொன்னால் பிழை காட்டி நின்றுவிடும். அதற்கென எழுதப்பட்ட போஸ்ட், துளையிடும் ஒவ்வொரு அசைவையும் எளிய நேர்கோட்டு அசைவுகளான ஜி0, ஜி1 ஆகப் பிரித்து எழுதிக் கொடுக்கும். விண்டோஸ் கணினியையே கன்ட்ரோலராக்கும் மாக்3 வைத்திருப்பவரின் நிலை வேறு: பழைய பிரிண்டர் இணைப்பான பாரலல் போர்ட்டில் ஓட்டுவதென்றால் 64 பிட் விண்டோஸில் அது நடக்காது என்பதால், பழைய கணினி ஒன்றைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வைத்திருப்பார். லினக்ஸில் ஓடும் கன்ட்ரோலரான லினக்ஸ்சிஎன்சி உள்ளவர் கொஞ்சம் கொடுத்துவைத்தவர். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பிறந்த கன்ட்ரோலர் நிரலின் வாரிசு அது, துளைச் சுழற்சிகளும் டூல் ஆஃப்செட்டும் (டூலின் அளவுக்கேற்ற திருத்தமும்) அதற்கு நன்றாகத் தெரியும். மூவருக்கும் ஒரே மென்பொருளைப் பரிந்துரைக்கிறவர், காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே மாத்திரை தருகிற வைத்தியர்.

இவ்வளவு பேசுகிற நான் ஞானியா என்றால், இல்லை. ஏறக்குறைய இதே ஜி28 என் மெஷினிலும் ஒரு காலத்தில் இறங்கியது. மெஷின் வந்து இரண்டே நாள். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் ஒன்றுக்குப் பேரிங் ஹவுசிங் செய்து தருவதாகப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இரவு ஒரு மணி, தகரக் கூரையில் நல்ல மழை. டூல் முறிந்த சத்தம்கூட மழையில் கேட்கவில்லை. கட்டையின் மேல் கிடந்த துண்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. கையில் இருந்த ஒரே டூல் அது. கோயம்புத்தூரிலிருந்து அடுத்தது கூரியரில் வர நான்கு நாள் ஆயிற்று. காலையில் பட்டறைக்குள் வந்த அப்பா, முப்பது வருடம் திங்கள்சந்தையில் லேத் ஓட்டியவர், முறிந்த துண்டை விரல் நுனியில் உருட்டிப் பார்த்துவிட்டு, "எழுதிக் கொடுத்ததை வாசிச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு ஜி-கோட் தெரியாது. அந்த நான்கு நாளில்தான் முதன்முறையாக ஒரு நிரலை வரி வரியாகப் படித்தேன். அன்றிலிருந்து எந்த மென்பொருள் எழுதித் தந்தாலும் முதல் 10 வரிகளை நோட்பேடில் படிக்காமல், டூல் இல்லாமல் உயரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல், பச்சை பொத்தானை நான் தொடுவதில்லை. அந்த அவமானத்தை இத்தனை ஆண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறன்று சிரித்தவர்களில் எத்தனை பேரின் மேசை இழுப்பறையில் இப்படி முறிந்த துண்டுகள் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

இனி, வரப்போகும் பின்னூட்டங்களுக்கு. 'பையன் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா, அங்கே மாஸ்டர்கேம், என்எக்ஸ் போன்ற மென்பொருள்களைத்தானே கேட்பார்கள்' என்பீர்கள். நியாயமான கேள்வி. வேலைக்காகப் படிப்பவன் அவற்றைப் படிக்கத்தான் வேண்டும்; மாணவர்களுக்கான பதிப்பிலோ பயிற்சி நிலையத்திலோ முறையாகப் படிக்கட்டும். ஆனால், அவன் கேட்டது வேலைக்கான வழி இல்லை. தன் வீட்டு மெஷினில் ஒரு அலுமினியத் தட்டு வெட்டும் வழி.

'நீ இலவச மென்பொருளின் ஏஜென்ட்' என்பவருக்கு: ஆமாம், விற்காத சரக்குக்கு மாதம் தவறாமல் கமிஷன் வருகிறது.

'அப்படியானால் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷனை விட, கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட் உசத்தியா' என்று ஒருவர் கேட்பார். இல்லை. ஆழமான பள்ளத்தை டூலுக்கு வலிக்காமல் குடைந்தெடுப்பதில் ஃப்யூஷனின் கை ஓங்கித்தான் இருக்கிறது. நானே அதைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால், 2020 அக்டோபரில் அதன் இலவசப் பதிப்பில் கத்தரி வைத்தார்கள். திருத்தக்கூடிய கோப்புகள் ஒரே சமயத்தில் 10 மட்டும். தானியங்கி டூல் மாற்றம் இல்லை. ரேப்பிட் அசைவு இல்லை, அதாவது டூல் வெறும் காற்றில் நகரும்போதும் வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போகும். அது அவர்கள் பொருள், அவர்கள் விருப்பம். அதில் எனக்குக் குறையில்லை. அந்தப் பதிப்பு வணிகம் அல்லாத சொந்தப் பயனுக்கு என்று அவர்களே எழுதியிருக்கும்போது, குளச்சல் வள்ளத்துக்குக் கூலிக்குக் கப்பி வெட்டித் தருகிற நாம் அதை வைத்துக்கொண்டு 'கம்பெனித் தரம்' பேசுவதுதான் வேடிக்கை. ஃப்ரீகேட் 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. அதற்கு முன் வரைபடத்தில் ஒரு விளிம்பை மாற்றினால் மற்றதெல்லாம் கலைந்துபோகும் தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இன்றும் அவ்வப்போது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். ஆனாலும் என் கோப்பு என் கணினியில் இருக்கிறது.

கோப்பு எங்கே இருக்கிறது என்பதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், 2017 நவம்பர் 30 என்று சொல்வேன். ஒக்கி புயல் அடித்து மின்கம்பங்கள் முறிந்து கிடந்த நாள்களில், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் மடிக்கணினிக்கு உயிர் கொடுத்து, ஒரு பம்ப்பின் தாங்கித் தட்டுக்கான அளவை எடுப்பதற்காக அப்போது நான் பயன்படுத்திய மென்பொருளைத் திறந்தேன். அது இணையத்தில் உள்நுழையச் சொன்னது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. நான் வரைந்த தட்டின் அளவை நானே பார்க்க முடியாமல், கடைசியில் பழைய தட்டை வெர்னியரில் அளந்து அப்பாவின் லேத்தில் கையால் கடைந்தோம். கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் கரையில் குடும்பங்கள் காத்து நின்ற நாள்கள் அவை. அந்தத் துயரத்தின் பக்கத்தில் இதை ஒரு குறை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மறக்கவில்லை.

பென் டிரைவுக்கு வருகிறேன். அதில் இருப்பது கிராக், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த பிரதி. 'கிராக் எல்லாரும்தான் போடுகிறார்கள்' என்பது பதிலே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பென் டிரைவில் இருக்கும் போஸ்ட் யாருடையது? எந்த ஊரில், எந்த மெஷினுக்காக, எவரோ திருத்தி வைத்தது? அதன் முதல் வரிகள் என்ன செய்யும் என்று அண்ணாச்சிக்குத் தெரியுமா? தெரியாது, ஏனென்றால் அவருடைய மெஷினுக்குப் போஸ்ட் எழுதிக் கொடுத்தது மெஷின் விற்றவர். நம் பக்கத்து மரம் செதுக்கும் ரூட்டர் மெஷின்களில் பாதி இன்னும் ஆர்ட்கேம் என்ற பழைய மென்பொருளின் கிராக்கில்தான் ஓடுகிறது. கதவும் கட்டிலும் பிரமாதமாகத்தான் வருகின்றன. 2018-இல் அந்த மென்பொருளின் விற்பனையே நிறுத்தப்பட்டுவிட்டது. பிறகு கார்வெகோ என்ற வேறு பெயரில் வேறு கையில் தொடர்கிறது. கணினி மாறினாலோ விண்டோஸ் மாறினாலோ இவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்? காசு கொடுத்து வாங்குவதானால் வெக்ட்ரிக்கைப் போல ஒரேமுறை பணம் கட்டும் மென்பொருள்களும் இருக்கின்றன. பலகை வெட்டுபவருக்கு அது போதும். காசு இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டு ஃப்ரீகேட் படிக்கலாம். அதில் என்ன வெட்கம்?

வெட்கம் இருக்கிறது போல. 'வீட்டுக் கொல்லையில் வைத்திருப்பதெல்லாம் மெஷினா' என்று அன்று ஒரு குரல் கேட்டதே, அது தம்பியைப் பார்த்துச் சொன்னது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க நான் தினமும் எண்ணெய் துடைக்கும் அந்தக் கொல்லை மெஷினில், போன வருடம் யார் யாருடைய அவசர வேலை ராத்திரியோடு ராத்திரியாக முடிந்தது என்பதைச் சொன்னவரே ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அன்று யாரும் என்ன மென்பொருள் என்று கேட்கவில்லை.

தம்பி நேற்று இரவு தன் போர்டின் படத்தை அனுப்பியிருந்தான். ஜிஆர்பிஎல்தான். டாலர் 22 என்ற அமைப்பு, அதாவது ஹோமிங், பூஜ்யத்தில் இருக்கிறது. மெஷினை ஆன் செய்யும் முன் ஸ்பிண்டிலைக் கையால் உச்சிக்கு ஏற்றிவிடும்படியும், போஸ்ட் அமைப்பில் ஜி28-க்குப் பதிலாகப் பாதுகாப்பு உயரம் என்பதைத் தேர்ந்தெடுக்கும்படியும் சொல்லியிருக்கிறேன். என் இழுப்பறையில் மூன்று லிமிட் சுவிட்ச் சும்மா கிடக்கிறது. வருகிற ஞாயிறு கோணத்துக்கு நான் வரவில்லை, குழித்துறைக்குப் போகிறேன்.