முன்னால் என்ன எண்?

(பினாங்கு, லெபோ பசார். ஒரு பூக்கடை. பேசுகிறவர்கள்: கடைக்காரர் பார்வதி அக்கா, வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லப்படும் சுந்தரம்.)

சுந்தரம்: அக்கா, வந்துவிட்டது! நூற்று முப்பத்தெட்டு!

பார்வதி: முன்னால் என்ன எண்?

சுந்தரம்: முன்னால் ஒன்றும் இல்லை. 138. அவ்வளவுதான்.

பார்வதி: நாலு நம்பர் குலுக்கலில் மூன்றை மட்டும் சொன்னால் எப்படி? முதல் பரிசா, ஆறுதல் பரிசா?

சுந்தரம்: குலுக்கல் இல்லை அக்கா. நுண்ணறிவுச் சோதனை. ஐகியூ. எனக்கு 138 வந்திருக்கிறது.

பார்வதி: எவ்வளவு கட்டினாய்?

சுந்தரம்: சோதனைக் கட்டணம் மட்டும்தான்.

பார்வதி: பணம் கட்டியிருக்கிறாய். எண் வந்திருக்கிறது. கைக்குக் காசு வரவில்லை. இது குலுக்கல் இல்லை என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறாய்?

சுந்தரம்: சராசரி 100 அக்கா. 130-க்கு மேல் நூற்றில் இரண்டு பேருக்குத்தான் வரும்.

பார்வதி: இந்தத் தீவில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். நூற்றுக்கு இரண்டு என்றால் பதினாறாயிரம். அத்தனை அறிவாளிகளை வைத்துக்கொண்டா என் கடை வாசலில் இரண்டு வரிசையாகக் கார் நிறுத்துகிறார்கள்?

சுந்தரம்: கார் நிறுத்துவதையெல்லாம் அதில் சோதிக்க மாட்டார்கள்.

பார்வதி: வேறு எதைச் சோதிப்பார்களாம்?

சுந்தரம்: ஒன்பது கட்டம் இருக்கும். எட்டில் உருவங்கள், ஒன்று காலி. அந்த இடத்தில் எது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ரேவன் என்ற ஆங்கிலேயர் 1938-ல் வெளியிட்ட முறை. மொழி அறிவே தேவையில்லை.

பார்வதி: சரி, காலிக் கட்டத்தைக் கண்டுபிடித்தாய். அப்புறம்?

சுந்தரம்: அடுத்த கேள்விக்குப் போனேன்.

(மல்லிகை மூன்று முழம் கேட்டு நான் நின்றுகொண்டிருக்கிறேன். இருவரும் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை.)

சுந்தரம்: பன்னிரண்டு வயதில் எடுத்தபோதும் இதே 138 அக்கா. ஒரு புள்ளி குறையவில்லை!

பார்வதி: ஒரு புள்ளி கூடவும் இல்லையே. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் போட்டு வைத்திருந்தால் வட்டியாவது வந்திருக்கும்.

சுந்தரம்: அது வயதோடு ஒப்பிடும் கணக்கு. 1912-ல் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் மன வயதை, அதாவது எந்த வயதுக்குரிய அறிவு இருக்கிறது என்பதை, உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை நூறால் பெருக்கினார்கள்.

பார்வதி: உனக்கு நாற்பத்து நான்கு. அப்படியென்றால் மன வயது… அறுபது, அதற்கு மேலும் கொஞ்சம். அட! அறுபது இந்த நாட்டில் ஓய்வு வயது. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை தம்பி. உன் மனம் ஓய்வு பெற்றுவிட்டது.

சுந்தரம்: பெரியவர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வெக்ஸ்லர் என்ற அமெரிக்கர் மாற்றிவிட்டார். இப்போது சம வயதுக்காரர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

பார்வதி: உன் சம வயதுக்காரர்கள் இந்நேரம் வேலையில் இருப்பார்கள். யாரைக் கூப்பிட்டு ஒப்பிட்டார்கள்?

(பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "138-ஆ? முன்னால் என்ன எண்?" என்று கேட்கிறார். சுந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு "ஒன்றும் இல்லை" என்கிறார். "அப்படியானால் பூச்சியம். சனிக்கிழமை எடுத்துவிடுகிறேன்" என்று தலை உள்ளே போய்விடுகிறது.)

பார்வதி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலை என்னவாயிற்று?

சுந்தரம்: மேற்பார்வையாளருக்கு என்னைப் புரியவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு எங்கே போனாலும் இந்தச் சிக்கல்தான்.

பார்வதி: எத்தனை மணிக்கு வேலை?

சுந்தரம்: ஏழு.

பார்வதி: நீ எத்தனை மணிக்குப் போனாய்?

சுந்தரம்: அது நுண்ணறிவில் சேராது.

பார்வதி: இந்தச் சோதனையை முதலில் எதற்குக் கொண்டு வந்தார்கள்? உன்னை மாதிரி ஆட்களுக்கு மாலை போடவா?

சுந்தரம்: இல்லை. பினே என்பவர் 1905-ல் சிமோன் என்பவருடன் சேர்ந்து பாரிசில் உருவாக்கினார். பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து கூடுதல் உதவி கொடுக்க.

பார்வதி: நல்ல மனிதர். நிறையப் புள்ளி எடுத்த பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்?

சுந்தரம்: அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

பார்வதி: அடப் பாவமே. அவர் சொல்லட்டும் என்றுதான் இத்தனை வருடம் காத்திருக்கிறாயா? ஆள் இருக்கிறாரா?

சுந்தரம்: 1911-லேயே இறந்துவிட்டார்.

பார்வதி: இனிமேல் சொல்ல மாட்டார். நீயாகத்தான் ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுந்தரம்: கேலி செய்யாதீர்கள். அமெரிக்காவில் டெர்மன் என்ற பேராசிரியர் 1921-ல் மிகுந்த நுண்ணறிவுள்ள பிள்ளைகள் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர வளரத் தொடர்ந்து கவனித்தார். பலர் நல்ல நிலைக்கு வந்தார்கள்.

பார்வதி: நோபல் பரிசு?

சுந்தரம்: அவர்களில் யாருக்கும் இல்லை. புள்ளி போதவில்லை என்று அவர் கழித்துவிட்ட பையன்களில் இரண்டு பேருக்குக் கிடைத்தது. ஷாக்லி, ஆல்வாரெஸ். இரண்டு பேருமே இயற்பியலில்.

பார்வதி: கழித்துவிட்டவர்களுக்கா! உனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லாமல் போய்விட்டதே.

(சுந்தரம் பதில் சொல்லவில்லை. சோதனை முடிவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். அக்கா பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவுகிறார்.)

பார்வதி: போகட்டும். இதை நிரப்பிக் கொடு. கடை லைசென்ஸ் படிவம். எல்லாம் மலாயில் இருக்கிறது, எழுத்தும் பொடியாக இருக்கிறது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன்.

சுந்தரம்: படிவமா? (பார்க்கிறார்.) வடிவமைப்பே தவறு அக்கா. முகவரியை இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். தர்க்கமே இல்லை.

பார்வதி: இரண்டு இடத்திலும் எழுது.

சுந்தரம்: ஒரே தகவலை இரண்டு முறை எழுதுவது மூளைக்குச் செய்யும் அவமரியாதை.

பார்வதி: காலிக் கட்டத்தில் என்ன வரும் என்று கண்டுபிடிக்கப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறாய். என் கட்டங்களில் என்ன வரும் என்று நானே சொல்கிறேன். எழுத மட்டும் முடியாதா?

சுந்தரம்: அது வேறு அக்கா. அது திறமை. இது வேலை.

(அக்கா அவரை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு முதல் முறையாக என் பக்கம் திரும்புகிறார்.)

பார்வதி: மூன்று முழம் கேட்ட அண்ணே, உங்களுக்கு எத்தனை வந்தது என்றெல்லாம் நான் கேட்க மாட்டேன். பேனா வைத்திருக்கிறீர்களா?