ஐவி பென்சன் யாருக்கு மாற்று?

பிரிட்டனின் பிக் பேண்ட் காலத்தை, அதாவது சாக்ஸபோன், ட்ரம்பெட் எல்லாம் வரிசை வரிசையாக வைத்து வாசித்த பெரிய நடன இசைக் குழுக்களின் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் டெட் ஹீத், ஜாக் ஹில்டன், ஜோ லாஸ் என்று ஆண் குழுத் தலைவர்களின் பெயர்கள் வரும். பெண்கள் குழுவை நடத்திய ஐவி பென்சன் என்றால் மட்டும், "ஆண்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போனதால், அவர்களுக்கு மாற்றாக வாய்ப்பு கிடைத்தவர்தானே" என்று ஒரு இழுப்பு. எனக்கு இந்தப் பேச்சே பிடிப்பதில்லை.

1913இல் லீட்ஸில் பிறந்தவர். அப்பா இசைக்கலைஞர், பியானோ அவரிடம் கற்றது. சாக்ஸபோன் மட்டும் சொந்தக் காசு. மாண்டேகு பர்ட்டனின் தையல் ஆலையில் வேலை பார்த்து, கூலியில் மிச்சம் பிடித்து வாங்கினார்.

போர் தொடங்கிய சமயத்தில் பெண்கள் மட்டுமே வாசிக்கும் குழுவை அமைத்தார். 1943இல் பிபிசி அதைத் தன் நிலைய நடனக் குழுவாக அமர்த்தியதும் ஆண் குழுத் தலைவர்கள் கொதித்துப் போனார்கள். அப்புறம் லண்டன் பல்லேடியம் அரங்கம், 1945இல் பெர்லினில் படைவீரர்களுக்காக, 1948இல் வெம்பிளி ஒலிம்பிக்ஸ் என்று ஓட்டம்தான்.

சரி, வாய்ப்பைப் போர் கொடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். குழுவைக் கட்டிக் காப்பாற்றியது யார்? அவரிடம் வாசித்த பெண்கள் கல்யாணமாகிக் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள், அதிலும் பலர் அமெரிக்கப் படைவீரர்களைக் கட்டிக்கொண்டு கடல் கடந்தே போய்விட்டார்கள். பிக் பேண்டில் ஒருவர் போனால் ஒரு நாற்காலி காலியாவதோடு விஷயம் முடியாது. ஐந்து சாக்ஸபோன்காரர்களும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வேண்டும், ஒரே இடத்தில் சுரத்தை வெட்ட வேண்டும். தாளைப் பார்த்து வாசித்தால் மட்டும் இது வராது, நாள்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழக வேண்டும். ட்ரம்பெட் வரிசையை முன்னின்று நடத்தும் முதல் ட்ரம்பெட்காரர் போய்விட்டால் அந்த வரிசையே தடுமாறும். இந்தத் தலைவலியை அவர் வருடக்கணக்கில் சுமந்தார். வடக்கு இங்கிலாந்தின் பித்தளை வாத்தியக் குழுக்களில் ஊதிக்கொண்டிருந்த பெண்களைத் தேடிப்பிடித்து, பயிற்சி கொடுத்து, மேடையேற்றி, மறுபடி இழந்து, மறுபடி தேடினார். அப்படி வந்தவர்தான் ட்ரம்பெட் கலைஞர் கிரேசி கோல். பின்னாளில் அவரே தனியாக ஒரு பெண்கள் குழுவை நடத்தினார். ஆண் தலைவர்களில் எத்தனை பேருக்கு மாப்பிள்ளைமாரோடு போட்டி போட வேண்டியிருந்தது?

போர் 1945இல் முடிந்துவிட்டது. ஐவியின் குழு 1980களின் தொடக்கம் வரை வாசித்தது. இடையில் இருக்கிற முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலே யாருக்கு மாற்றாக வாசித்தார்களாம்?

கடைசிக் காலத்தில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில், விடுமுறைக்கு வந்தவர்களுக்கு மின் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். 1993இல் அங்கேயே காலமானார்.