ஃபரோயீஸ் டேனிஷின் வட்டார வழக்கா?

"ஃபரோயீஸ் தனி மொழியே அல்ல, டேனிஷின் வட்டார வழக்குதான்" என்று, டென்மார்க்கைச் சேர்ந்த ஃபரோ தீவுகளின் மொழியைப் பற்றி ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

9-ஆம் நூற்றாண்டு வாக்கில் முக்கியமாக நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பழைய நார்ஸ்தான் (வைக்கிங் கால ஸ்காண்டிநேவிய மொழி) இதன் தாய். ஐஸ்லாண்டிக்கே நெருங்கிய உறவு.

காளையைக் குறிக்கும் 'தார்வுர்' என்ற சொல்லையே பாருங்கள். வேர் ஐரிஷ் போன்ற கேலிக் மொழிகளில் இருக்கிறது. டேனிஷில் காளைக்கு வேறு சொல். ஆனால் வேற்றுமை ஏற்பது அசல் நார்ஸ் பாணியில்: எழுவாயில் தார்வுர், 'காளையை' என்றால் தார்வ், 'காளைக்கு' தார்வி, 'காளையின்' தார்வ்ஸ். டேனிஷ் பெயர்ச்சொற்களில் உடைமை காட்டும் 'ஸ்' மட்டுமே மிச்சம். (ஃபரோயீஸ் பேச்சில் இந்த 'தார்வ்ஸ்' வடிவம் இப்போது அரிது.)

சரி, குழப்பம் எப்படி வந்தது? தேவாலயம், பள்ளி, அரசு என எல்லாவற்றிலும் நெடுங்காலம் டேனிஷே கோலோச்சியது. மொழியறிஞர் ஹம்மர்ஷைம்ப் ஃபரோயீஸின் இன்றைய எழுத்துமுறைக்கு அடித்தளமிட்டதே 1846-இல்தான். ஆனால் ஃபரோ தீவுகளுக்கான 1948 தன்னாட்சிச் சட்டம் ஃபரோயீஸை முதன்மை மொழி என்றே குறிப்பிடுகிறது.