சத்தம் குறைந்தால் மதர்போர்டு போய்விட்டதா?

அசெம்பிள் செய்த கணினியில் சத்தம் திடீர் திடீரென்று குறைந்தால் மதர்போர்டின் (கணினியின் முதன்மைப் பலகை) சவுண்ட் சிப் போய்விட்டது, புது சவுண்ட் கார்டு வாங்கியே ஆகவேண்டும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. இதை நம்பிக் காசை இறைக்காதீர்கள்.

அழைப்பு நடப்பதாகத் தெரிந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு விண்டோஸ் 7 முதலே இருக்கிறது. நாம் எதையும் தொடாமலே அது இயங்கும். டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் பேச ஆரம்பித்ததும் பாட்டு அமுங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கண்ட்ரோல் பேனலில் சவுண்டைத் திறந்து, கம்யூனிகேஷன்ஸ் பகுதியில் 'டூ நத்திங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, எப்போதுமே சத்தம் குறைவா? ஒவ்வொரு செயலியின் ஒலியளவையும் தனித்தனியே காட்டும் வால்யூம் மிக்சரில், சத்தம் குறைவாகக் கேட்கும் செயலியின் அளவு மட்டும் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஸ்பீக்கர் ஒயர் பின்பக்கம் பச்சைத் துளையில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.