கணக்கில் ஏறாத மைதானம்

(லண்டனின் தென்மேற்குப் புறநகரான டோல்வர்த்தில், ஏ3 பெருந்தெருவை ஒட்டிய கிங் ஜோர்ஜஸ் ஃபீல்ட் மைதானம். புரட்டாதிச் சனிக்கிழமை, பிற்பகல். ஹரோவில் வசிக்கும் அத்தானும், யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவைப் பார்க்க வந்திருக்கும் மச்சானும் கம்பி வேலியில் சாய்ந்து நிற்கிறார்கள்.)

மச்சான்: ஆர்சனலும் செல்சியும் இருக்கிற நகரத்தில், என்னை வாட்டர்லூவில் வண்டி மாற்றி, பந்துச் சத்தத்தை விட லொறிச் சத்தம் பலமாகக் கேட்கிற இந்த இடத்துக்கு எதற்காக அழைத்து வந்தீர்கள், அத்தான்?

அத்தான்: அந்த அரங்குகளையெல்லாம் நான் எப்போதோ பார்த்து முடித்துவிட்டேன், மச்சான். ஒருமுறை ஆட்டம் பார்த்த மைதானத்துக்கு மறுபடி போனால் கணக்கு கூடுமா?

மச்சான்: எந்தக் கணக்கு?

அத்தான்: மைதானக் கணக்கு. இந்த நாட்டில் கிரவுண்ட்ஹொப்பர் என்றொரு கூட்டம் இருக்கிறது; ஜேர்மனியில் இன்னும் பெரிய கூட்டம். அணியைப் பின்தொடராமல், இதுவரை கால் வைக்காத மைதானங்களைத் தேடிப் போய், அங்கே ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்த்துப் பதிந்துகொள்வது எங்கள் வேலை. முதல் நான்கு பிரிவுகளில் உள்ள 92 கழகங்களின் மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கென்று 1978இலிருந்து ஒரு சங்கமே இயங்குகிறது.

மச்சான்: பாடல் பெற்ற தலங்களைத் தரிசிப்பவர்கள் போல என்று சொல்லுங்கள். திருக்கேதீச்சரமும் திருக்கோணேச்சரமும் நான் முடித்துவிட்டேன்.

அத்தான்: நீர் கொடுத்து வைத்தவர். சம்பந்தர் பாடியது பாடியதுதான். எந்தக் கோயிலும் பருவ முடிவில் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதில்லை. இங்கே 92ஐயும் முடித்துவிட்டு ஒரு மனிதர் சித்திரையில் நிம்மதியாக உறங்கப் போனால், வைகாசிக்குள் எங்கோ ஒரு சிற்றூர்க் கழகம் மேலே ஏறிவிடும். ஆடியில் அவர் மீண்டும் மூட்டை கட்ட வேண்டும். அதனால்தான் நான் கீழே, ஊதியம் வாங்காதவர்கள் ஆடுகிற இடங்களுக்கு வந்துவிட்டேன். இங்கே முடிவே கிடையாது.

மச்சான்: முடிவே இல்லாததா நிம்மதி? அக்காவின் முகம் சனிக்கிழமைகளில் ஏன் அப்படி இருக்கிறது என்று இப்போது விளங்குகிறது. அது போகட்டும், நாம் எந்த அணியின் பக்கம்?

அத்தான்: எந்த அணியின் பக்கமும் இல்லை. எனக்குத் தேவை ஒரு கோல். யார் அடித்தாலும், தன் வலைக்குள் தானே அடித்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். கோல் இல்லாத ஆட்டம் என் விதிப்படி கணக்கில் ஏறாது.

மச்சான்: இந்த விதிகளை வகுத்தது யார்?

அத்தான்: நானேதான். அவரவர் தமக்கென்று வகுத்துக்கொள்வதுதான் வழக்கம். அன்றைய ஆட்டத்தின் விவரப் புத்தகம் அச்சில் கிடைக்காவிட்டால் சிலருக்கு மைதானம் சேராது. ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் பேசுவதில்லை.

மச்சான்: இந்தக் கழகத்தின் பெயரையாவது சொல்லுங்கள்.

அத்தான்: கொரிந்தியன் கசுவல்ஸ். 1882இல் தொடங்கிய கொரிந்தியன் கழகமும் கசுவல்ஸ் கழகமும் 1939இல் ஒன்றாயின. இன்றுவரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பழைய கொரிந்தியன்கள் 1904இல் மன்செஸ்டர் யுனைடெட்டை 11–3 என்று தோற்கடித்தவர்கள். 1910இல் பிரேசிலுக்குப் போய் ஆடியபோது, அதைப் பார்த்த சாவோ பாவுலோத் தொழிலாளர்கள் தாங்கள் தொடங்கிய கழகத்துக்கு இவர்களுடைய பெயரையே வைத்தார்கள்.

மச்சான்: 2012இல் செல்சியை வென்று உலகக் கழகக் கிண்ணத்தை எடுத்த கொரிந்தியன்ஸா? பெயரை வாங்கியவர்கள் கிண்ணத்தோடு இருக்கிறார்கள். கொடுத்தவர்கள் இங்கே லொறிப் புகையில் நிற்கிறார்கள். நல்ல வியாபாரம்!

அத்தான்: இவர்கள் வியாபாரம் தெரியாத பரம்பரை. 1891இல் பெனால்டி எனும் தண்ட உதை விதியானபோது, கண்ணியமான மனிதன் வேண்டுமென்றே தவறிழைப்பானா என்று மனம் நொந்தார்கள். எதிரணிக்குத் தண்ட உதை கிடைத்தால் இவர்களுடைய பந்துக்காப்பாளர் கம்பத்தடியில் ஒதுங்கி நின்று, கோலைத் தாரை வார்ப்பாராம்.

மச்சான்: எங்களூரில் அப்படி ஒருவன் ஒதுங்கி நின்றிருந்தால், அவன் ஊரை விட்டே ஒதுங்க வேண்டி வந்திருக்கும். (கோப்பையை உறிஞ்சியபடி) இந்தச் சூடான பானம் குளிருக்கு இதமாக இருக்கிறது. என்ன இது?

அத்தான்: பொவ்ரில். இந்நாட்டு உதைபந்தாட்ட ரசிகர்களின் தேசிய பானம், மாட்டிறைச்சிச் சாறு.

மச்சான்: அத்தான்! புரட்டாதிச் சனி! காலையில்தான் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தேன்!

அத்தான்: 2004இல் இறைச்சியை நீக்கித்தான் பார்த்தார்கள், 2006இல் மறுபடி சேர்த்துவிட்டார்கள். நீர் சற்றுத் தாமதமாக வந்துவிட்டீர்.

மச்சான்: (கோப்பையைத் தூர வைத்து) சனி பகவான் கணக்கு வைப்பதில் உங்களை விடக் கெட்டிக்காரர். போகட்டும், மைதானக் கணக்கென்றால் எனக்கும் உண்டே? துரையப்பா அரங்கு, நாவாந்துறை, பாசையூர், குருநகர், இளவாலை...

அத்தான்: (குரல் மாறி) நாவாந்துறையில் ஆட்டம் பார்த்திருக்கிறீரா? எனக்கு அது இல்லையே! முழு ஆட்டமும் பார்த்தீரா?

மச்சான்: முழுதாகத்தான். வேறோர் ஊரில் மட்டும் நடுவரை ரசிகர்கள் துரத்தியதால் ஆட்டம் பாதியில் நின்றது. ஆனால் சண்டை முழு நேரமும் நடந்தது. இடைவேளை கூட விட்டார்கள்.

அத்தான்: கைவிடப்பட்ட ஆட்டம். சேராது. (திடீரென்று வேலியைப் பிடித்து) நடுவர் புள்ளியைக் காட்டுகிறார்! 88ஆம் நிமிடத்தில், எதிரணிக்குத் தண்ட உதை!

மச்சான்: காப்பாளர் ஒதுங்கி நிற்பாரா?

அத்தான்: நிற்க வேண்டும்! தம்பி, உன் முன்னோர்களை நினைத்துக்கொள்! ஒதுங்கு!

(காப்பாளர் இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுகிறார். நாற்புறமும் ஆரவாரம்.)

மச்சான்: அபாரம்! என்ன பாய்ச்சல்!

அத்தான்: மரபு தெரியாத பையன். என் சனிக்கிழமையைத் தட்டிவிட்டான்.

(ஆட்டம் 0–0 என்று முடிகிறது.)

மச்சான்: என் விதியில் கோல் கட்டாயம் இல்லை. எனக்கு இந்த மைதானம் சேர்ந்துவிட்டது, உங்களுக்கு இல்லை.

அத்தான்: (குறிப்பேட்டைத் திறந்து) விதி மனிதன் வகுத்ததுதானே, மச்சான்? தண்ட உதையைத் தடுப்பது கோலுக்குச் சமம் என்று... இல்லை, கோல் விதியையே நீக்கிவிடுகிறேன்.

மச்சான்: நீக்கினால், முன்பு கோல் இல்லாமல் விடுபட்ட மைதானங்களும் இப்போது சேருமே!

அத்தான்: (பக்கங்களைப் புரட்டி, முகம் வெளிறி) அவற்றுக்கெல்லாம் மறுபடி வண்டிச் செலவு செய்து போய், கோல் பார்த்து, ஏற்கெனவே சேர்த்துவிட்டேன். அத்தனை பயணமும் வீண் என்றல்லவா ஆகிறது? இதை அக்காவிடம் சொல்லிவிடாதேயும்.

மச்சான்: பொவ்ரிலைப் பற்றி நீங்கள் வாய் திறக்காதவரை, நானும் திறக்கமாட்டேன்.