கியர் நாப் மாற்றியதற்கும் கதவுக் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்?

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டுவது அப்புறம்.

வண்டி வாங்கி நாலு மாதம் ஆகிறது. இரண்டு கதவு, ஆறு கியர், மூன்று பெடல். டிரைவர் பக்கக் கண்ணாடியை ஏற்றினால் பாதியில் நின்று, ஒரு முனகல் முனகி, கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி கீழே இறங்கிவிடுகிறது. பட்டனை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மேலே போகும். கண்ணாடி ஓடுகிற ரப்பர் எங்கேயோ மடங்கியிருக்க வேண்டும், யாருடைய விரலோ மாட்டிவிட்டது என்று நினைத்து மோட்டார் பயந்து இறக்குகிறது. அவ்வளவுதான் விஷயம். சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வந்தேன். மதியம் போன்.

"சார், வண்டியில வெளி ஐட்டம் போட்டிருக்கீங்க. கியர் நாப் கம்பெனியோடது இல்ல. வாரண்டில வருமான்னு மேல கேட்டுத்தான் சொல்ல முடியும்."

"கம்ப்ளைன்ட் கண்ணாடியிலதானே?"

"ஆமா சார். ஆனா வண்டிய மாடிஃபை பண்ணியிருக்கீங்களே."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த முடிச்சை ஜாப் கார்டில் எழுதி, கீழே சீல் குத்தித் தருவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கியர் நாப் என்பது என்ன? மரை வெட்டிய ஒரு கம்பி, அதன் தலையில் திருகி வைத்த ஓர் உருண்டை. அதில் ஒயர் கிடையாது, சென்சார் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. வண்டியிலேயே எதனோடும் பேசாமல் சும்மா இருக்கிற ஒரே பாகம் அதுதான். அதைப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த உருண்டைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வண்டியோடு வந்தது வெறும் பிளாஸ்டிக், மேலே தோல் மாதிரி ஏதோ ஒன்று. கையில் கனமே இல்லை. இரும்பில் கொஞ்சம் எடையாக ஒன்று போட்டால் லிவர் தன் கனத்திலேயே அடுத்த கியருக்குள் வழுக்கிக்கொண்டு போகும், அதை ஒரு முறை பழகிவிட்டால் பழையதைத் தொட மனசு வராது. சரி என்று ஒன்றை வரவழைத்தால் அது அரைச் சுற்று ஏறி அப்படியே சிக்கிக்கொண்டது. அப்போதுதான் மரைக் கணக்கையே படித்தேன். ஹோண்டாவுக்குக் கம்பியின் தடிமன் 10 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5. மஸ்டாவுக்கும் அதே 10தான், ஆனால் 1.25. டொயோட்டா, சுபாரு என்றால் 12, 1.25. கண்ணால் பார்த்து ஒருத்தராலும் வித்தியாசம் சொல்ல முடியாது, கை மட்டும்தான் சொல்லும். (என் வண்டி எது என்று கேட்காதீர்கள். சொன்னால் எந்த சர்வீஸ் சென்டர் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.) இரண்டாவது வரவழைத்தது ஜம்மென்று உட்கார்ந்தது. வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறி அதைப் பிடித்தால் உள்ளங்கை பழுத்துவிடும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், அதற்காக ஒரு பழைய துணியை அதன் தலையில் போட்டு வைக்கிறேன், பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும். அது என் பிரச்சினை. கண்ணாடிக்கும் அதற்கும் பிரச்சினை இல்லை.

என் கோபம் நாப்போடு முடிந்திருந்தால் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன். நான் ஓர் உருண்டையை மாற்றினால் அது 'மாடிஃபை'. கம்பெனிக்காரன் என் காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நூறு விஷயத்தை நுழைத்து வைத்தால் அதற்குப் பெயர் 'வசதி'. யார் யாருடைய வண்டியை மாடிஃபை செய்தது என்று நிஜமாகவே கேட்கிறேன்.

உதாரணத்துக்கு இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகிறீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள், கிளட்சை அமுக்குகிறீர்கள், லிவரை மேலே தள்ளுகிறீர்கள். அதற்குள் இன்ஜின் வேகம் மளமளவென்று விழ வேண்டும். அந்தக் காலத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள் நேராகப் போய் இன்ஜினுக்குள் காற்றை விடுகிற கதவைத் திறந்து மூடும், கால் எடுத்தால் கதவு மூடியது என்று அர்த்தம். இப்போது பெடல் கம்ப்யூட்டருக்கு மனு கொடுக்கிறது. கதவை டக்கென்று மூடினால் எரிந்தும் எரியாத பெட்ரோல் புகையோடு போய்விடும், மாசுக் கணக்கு ஏறும், அதனால் கம்ப்யூட்டர் சாவகாசமாக மூடுகிறது. இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் 4,000த்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. நீங்கள் வழக்கம்போல கிளட்சை விட்டால் வண்டி ஒரு துள்ளு துள்ளும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலை முன்னும் பின்னும் ஆடும், அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் சீட் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்துக்கொள்வார் பாருங்கள், அதுதான் தாங்க முடியாது. பதினைந்து வருஷமாக மேனுவல் ஓட்டுகிறவன் நான். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று என் வண்டியே சாட்சி சொல்கிறது.

சரி, கிளட்சாவது நம் சொல்படி கேட்குமா என்றால் அங்கேயும் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். கிளட்ச் ஆயில் போகிற குழாயில் ஒரு சின்ன அடைப்பு வால்வு. காலை வேகமாக எடுத்தாலும் ஆயில் அந்தச் சின்னத் துவாரம் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும், அதனால் கிளட்ச் மெதுவாகத்தான் பிடிக்கும். தெரியாதவர்கள் படாரென்று விட்டால் கியர்பாக்ஸுக்கு அடி விழக் கூடாதே என்ற நல்ல எண்ணம். தெரிந்தவனுக்கும் சேர்த்து அதே தண்டனை. கால் மேலே வந்துவிட்டது, கிளட்ச் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அந்த வால்வைக் கழற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கழற்றினேன் என்று சொல்ல மாட்டேன், கழற்றவில்லை என்றும் சொல்ல மாட்டேன், சர்வீஸ் சென்டர்காரர் இதைப் படித்தாலும் படிப்பார்.

இது இன்றைக்கு ஆரம்பித்த வியாதியும் இல்லை. 1989ல் கார்வெட் என்கிற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். மெதுவாகக் கிளம்பினால் ஒன்றாவது கியரிலிருந்து இரண்டுக்குப் போக விடாது, லிவரை வம்பாக நாலாவதுக்குத் தள்ளிவிடும். எல்லாம் மைலேஜ் சோதனையில் நல்ல மார்க் வாங்கத்தான். ஆறு கியருக்குக் காசு வாங்கிவிட்டு இரண்டையும் மூன்றையும் பூட்டி வைத்த அநியாயம். வாங்கினவர்கள் ஒரு சின்ன பிளக்கை மாட்டி அதை ஏமாற்றினார்கள், அதுவும் மாடிஃபைதான் என்று அப்போதும் ஒருவர் சீல் குத்தியிருப்பார். இந்த அக்கப்போரெல்லாம் முடிந்து 2020ல் வந்த கார்வெட்டில் மேனுவலே இல்லை.

கியர் குறைக்கும்போது தானே ஆக்சிலரேட்டர் கொடுத்து இன்ஜின் வேகத்தைச் சரிசெய்கிற சமாச்சாரம் 2009 மாடல் நிஸான் 370இசட்டில் வந்தது, அதை நான் குறை சொல்லவில்லை, கை பழகாதவர்களுக்கு நல்லதுதான். அந்த வண்டியில் வேண்டாம் என்றால் லிவர் பக்கத்திலேயே ஒரு பட்டன், தட்டினால் போதும். என் வண்டியில் அதை அணைக்க தொடுதிரையில் நாலு பக்கம் உள்ளே போக வேண்டும், மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் மறுபடி உயிரோடு எழுந்து நிற்கும். குதிகாலையும் முன்பாதத்தையும் வைத்து பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒரே காலால் சமாளிக்கப் பழகுவதற்கு எனக்கு எத்தனை மாதம் ஆனது தெரியுமா? நான் கொடுக்கும்போது அதுவும் கொடுக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

அப்புறம் சத்தம். நல்ல சத்தம் வருகிறதே என்று இரண்டு வாரம் ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஜன்னலைத் திறந்து ஓட்டினால் வெளியே ஒரு சத்தம், உள்ளே வேறொரு சத்தம். ஸ்பீக்கர் வழியாக ஊதுகிறார்கள்! 2011ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5லேயே இந்தக் கூத்து உண்டு, அதற்குள் இருந்தது எட்டு சிலிண்டர் இன்ஜின், அதற்கே பின்னணி இசை தேவைப்பட்டிருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை மின்சாரக் கார்கள். ஹூண்டாய் அயோனிக் 5 என் என்று ஒன்று, அதில் கியர் மாற்றுகிற வேலையே கிடையாது. ஆனால் எட்டு கியர் இருப்பது போல நடிக்கும், மாற்றும்போது வேண்டுமென்றே ஒரு குலுக்கு குலுக்கும், சத்தத்தையும் மாற்றும். ஆக ஜனங்களுக்கு என்ன பிடிக்கும் என்று இவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. இல்லாத கியருக்கு இவ்வளவு உழைக்கிறவர்கள், நிஜமாக இருக்கிற கியரைத்தான் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். போர்ஷே 2013ல் 911 ஜிடி3 என்கிற ஸ்போர்ட்ஸ் காரை ஆட்டோமேட்டிக்காக மட்டும்தான் கொடுத்தது. வாங்குகிறவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். 2016ல் மேனுவலோடு 911 ஆர் என்று 991 வண்டிகள் மட்டும் செய்தார்கள், வாங்கிய விலையைவிட ரொம்ப அதிகத்துக்குக் கைமாறின, அடுத்த வருஷமே ஜிடி3யில் மேனுவல் திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு விலை கொடுக்கிறவர்கள் கத்தினால்தான் காதில் விழும் போல.

"ஆட்டோமேட்டிக் வேகமா மாத்துமேப்பா, எதுக்கு இந்த இழுபறி" என்று சித்தப்பா கேட்கிறார். மச்சானும் அதையேதான் கேட்கிறான். தெரியும். இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என் கையைவிட வேகமாக மாற்றும், நெரிசலில் இடது முழங்கால் எனக்கும் வலிக்கிறது. தெரிந்துதான் வாங்கினேன். நடப்பவரைப் பார்த்து பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாமே என்று யாரும் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்கிறார்கள்.

வீல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. வண்டியில் வந்தது 18 இன்ச், நான் எடை குறைந்த 17 இன்ச் போட்டேன். எல்லோரும் பெரிசு பண்ணுவார்கள், நீ சின்னதாக்கினாயா என்று பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சக்கரத்தில் எடை குறைந்தால் வண்டி காலுக்குக் கீழே லேசாவது ஓட்டுகிறவனுக்குத் தெரியும். ஆனால் கடைக்காரர் "அப்படியே உட்காரும்" என்று சத்தியம் செய்த வீலின் நடுத்துளை, அது போய் உட்காருகிற வண்டியின் ஹப்பைவிடப் பெரிசு. 100 கிலோமீட்டரைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கும். இரண்டு தடவை பேலன்ஸ் பார்த்தார், டயர் சரியில்லை என்றார், ரோடு சரியில்லை என்றார், நான் பிடிக்கிற பிடி சரியில்லை என்றுகூடச் சொன்னார். கடைசியில் அந்த இடைவெளியை அடைக்கிற பிளாஸ்டிக் வளையம் நாலு. அதைப் போட்டதும் நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போனால் லிவரில் பழைய பிளாஸ்டிக் நாப்! அவர்களே எங்கிருந்தோ ஒன்றைத் தேடி மாட்டியிருக்கிறார்கள். என்னுடையது சீட்டில் ஒரு பாலிதீன் கவருக்குள், ஏதோ குற்றவாளியிடம் கைப்பற்றிய பொருள் மாதிரி. ஜாப் கார்டில் இரண்டே வரி: வெளி நாப் கழற்றப்பட்டது. கண்ணாடி சோதிக்கப்பட்டது, குறை தென்படவில்லை.

வாசலிலேயே வண்டியை நிறுத்தி, அவர்கள் பார்க்கப் பார்க்க அவர்கள் நாப்பைக் கழற்றி அந்த கவருக்குள் போட்டுவிட்டு என்னுடையதைத் திருகினேன். பன்னிரண்டு சுற்று, எண்ணினேன். முதல் கியர் போட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் கண்ணாடியை ஏற்றினேன்.

பாதியில் நின்று, முனகி, கீழே இறங்கியது.