மாட்டுங்காவும் தாராவியும் ஒரே இடத்தில் தொடங்கவில்லை

மும்பைத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "எல்லாரும் வெறுங்கையோடுதான் பம்பாய்க்கு வந்தோம், திறமை இருந்தவன் மாட்டுங்காவுக்குப் போனான், சோம்பேறி தாராவியிலேயே தங்கிவிட்டான்." மாட்டுங்கா மும்பையில் நடுத்தர வர்க்கத் தமிழர்கள் நிறைய வாழும் பகுதி, தாராவி அதன் பக்கத்திலிருக்கும் பெரிய குடிசைப் பகுதி. இந்த ஃபார்வர்டு சொல்வது பொய்.

மாட்டுங்காவுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் ஊரிலேயே ஆங்கிலம் படித்து, குமாஸ்தா, ஸ்டெனோ வேலைக்கு வந்தவர்கள். அவர்களும் உழைத்தார்கள், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் படிக்க 1932-லேயே சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி அங்கே வந்துவிட்டது. தாராவிக்கு திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களில் பலர் தலித் மக்கள், பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்ட தலைமுறை, அவர்களுக்குக் கிடைத்தது மற்றவர்கள் தொடமாட்டேன் என்று ஒதுக்கிய தோல் பதனிடும் வேலை. இரண்டையும் ஒரே வெறுங்கை என்று எழுத எப்படி மனசு வருகிறது?

அப்புறம் அந்த 'சோம்பேறி'. தாராவியில் விடியுமுன்னே வீட்டுக்குள் இட்லிப் பானை அடுப்பில் ஏறிவிடும், சட்னி சாம்பாரோடு அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய் விற்கிறார்கள். தோல், மண்பாண்டம், மறுசுழற்சி என்று இன்னும் எத்தனையோ தொழில் அங்கே நடக்கிறது. மாட்டுங்காவிலிருந்து நடந்தே போகலாம், ஒரு காலையில் போய்ப் பாருங்கள். அதுவரை அந்த ஃபார்வர்டை யாருக்கும் அனுப்பாதீர்கள்.